பன்னிரண்டாவது பெயர்

பிப்ரவரி 8, 2024

மழை. முழங்கால் வலி. பீன்ஸை ஊறப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன், நாய் குரைத்தது. வாசலில் நாலாம் வகுப்பு டீச்சர் ரலிட்சா, கூட இரண்டு பிள்ளைகள். மூன்று வீடு தள்ளி இருக்கிற அய்சுன். ரொட்டிக்கடைக்காரர் மகன் க்ராசி.

வகுப்புக்கு ஒரு வேலையாம். தங்கள் வகுப்பறையில் முன்பு யார் யார் படித்தார்கள் என்று கண்டுபிடித்துச் சுவரில் எழுத வேண்டுமாம். எல்லா வருஷத்துப் பதிவேடும் அலமாரியில் இருக்கிறது. 84–85 மட்டும் உதைக்கிறது. அந்தக் குளிர்காலத்தில்தான் அரசாங்கம் எங்கள் துருக்கியப் பெயர்களைப் பிடுங்கிக்கொண்டு பல்கேரியப் பெயர்களைக் கொடுத்தது. புதுப் பெயர்கள் எழுதிய பதிவேடு இருக்கிறது. பழையதைக் காணோம்.

"தாத்தா, அப்போ பள்ளிக்கூடத்துல அடுப்பு பாத்துக்கிட்டது நீங்கதானே? பேரெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்றாள் அய்சுன்.

"படிக்கத் தெரியாதவங்களுக்கு மண்டையில நிறைய இடம் காலியா இருக்கும்னு எங்கப்பா சொன்னாரு," என்றான் க்ராசி. டீச்சர் அவன் காதைப் பிடித்தார்.

"விடுங்கம்மா, சரியாத்தான் சொல்றான்," என்றேன். வருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

எனக்கு எழுதத் தெரியும் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இந்த நோட்டு மாவு டின்னுக்கு அடியில் இருக்கிறது.

பிப்ரவரி 9

பச்சை அட்டை. மூலையில் கருகல்.

பிப்ரவரி 14

பள்ளிக்கூடம் போனேன். நாற்காலி போட்டார்கள், தேநீர் கொடுத்தார்கள். பதினோரு பிள்ளைகள் பென்சிலோடு என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெயர்கள் வரவில்லை. அலியே... அதற்கப்புறம் ஒன்றுமில்லை. 

"மண்டை காலியாயிருச்சு போல," என்று க்ராசி மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

அப்புறம்தான் புரிந்தது. அந்தப் பெயர்களை நான் உட்கார்ந்து கேட்டதே இல்லை. அந்தக் காலத்து டோதோரோவா டீச்சர் வருகை எடுக்கும் நேரம்தான் நான் விறகோடு உள்ளே போவேன். அவர் ஒவ்வொரு பெயராக நிறுத்தி நிறுத்திக் கூப்பிடுவார். நான் மண்டியிட்டு அடுப்பைப் பார்ப்பேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்பு வரை, நாள் தவறாமல்.

எழுந்து சுவர் ஓரம் போய் மண்டியிட்டேன். இப்போது அங்கே சுடுநீர்க் குழாய்தான் ஓடுகிறது. இல்லாத அடுப்பின் கதவைத் திறந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கையை நிறுத்தவில்லை. கதவுக்கு அலியே. சாம்பல் தட்டை இழுக்க பஸ்ரி, வெலி. தணலைக் கிளற குல்தன், ஜெமில், எமினே. ஜெகிரியாவுக்கு பைன் சுள்ளி. இஸ்மெத், காதிர், மெலிஹா, நஸ்மி. சிரிப்பு நின்று பென்சில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பன்னிரண்டாவதுக்கு ஓக் கட்டை. கை கட்டையைத் தூக்கியது. வாய் வரவில்லை.

"பன்னெண்டு?" என்றாள் அய்சுன்.

"கொஞ்சம் இரும்மா." பதின்மூன்று ரம்சி, பதினான்கு சபிஹா என்று பத்தொன்பதாவது ஷுக்ரான் வரை ஓட்டிவிட்டேன். அடுப்புக் கதவை மூடினேன். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டைச் சொன்னேன். நெஃபிசே.

"அது யாரு தாத்தா?"

"என் மக."

பிப்ரவரி 15

எழுதிவிடுகிறேன். எழுதாமல் எதற்கு எழுத்துக் கற்றேன்?

85 ஜனவரி, பனி முழங்கால் வரை. காலையில் தலைமையாசிரியர் ஒரு கட்டுத் தாளையும் ஒரு புத்தகத்தையும் என்னிடம் கொடுத்தார். "பழைய குப்பை, எரிச்சிடு." வகுப்பில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நான் போட்டேன்.

எனக்குப் படிக்கத் தெரியாது, அது என்ன புத்தகம் என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்ட எல்லாரிடமும் இதையே சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள், பாவம், எழுத்து வாசனை இல்லாதவன் என்று. ஆனால் அந்தப் பச்சை அட்டையை எனக்குத் தெரியும். மூலை கருகியது என் அடுப்பில்தான். டீச்சர் ஒரு நாள் மறந்து அடுப்பு மேல் வைத்துவிட்டார், நான்தான் பாய்ந்து எடுத்தேன். தெரிந்துதான் போட்டேன்.

பிறகு டோதோரோவா டீச்சர் புதுப் பதிவேட்டைத் திறந்தார். அவர் குரலே சரியில்லை. முதல் பெயர். யாரும் பேசவில்லை. இரண்டாவது. இல்லை. பதினொன்றுக்கும் ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை. வாசலில் தலைமையாசிரியர், அவர் பின்னால் போலீஸ் தொப்பி போட்ட இரண்டு பேர். பன்னிரண்டாவது, "நெவேனா." என் நெஃபிசேவைத்தான். பத்து வயசு. என்னைப் பார்த்தாள். நான் பயந்துட்டேன், ஆண்டவனே, அந்தத் தொப்பியைப் பாத்து பயந்துட்டேன். கையில கட்டையோட, மண்டி போட்டபடியே சொன்னேன், "சொல்லிடும்மா."

"இருக்கேன்," என்றாள்.

அவள்தான் முதல். அதற்கப்புறம் மற்றவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். இடைவேளையில் அவளைச் சுற்றி நின்றுகொண்டு, "நெவேனா, நெவேனா, முதல் மார்க் நெவேனா" என்று பாட்டாகவே பாடினார்கள். வீட்டுக்கு வந்து அவளிடமும் அதே பொய்யைச் சொன்னேன், எனக்குப் படிக்கத் தெரியாதே என்று.

"அட்டை பச்சை. உனக்குத் தெரியும்," என்றாள். அன்றையிலிருந்து நான் நெஃபிசே என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.

89 கோடையில் எங்கள் ஆட்கள் வண்டி வண்டியாகத் துருக்கிக்குப் போனபோது என் மனைவி ஷெரிஃபே அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். என் அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள், நான் இங்கேயே நின்றுவிட்டேன். ஷெரிஃபே செத்தபோது அடக்கத்துக்குத் துருக்கியில் பூர்சாவுக்குப் போனேன். மகள் பெண்கள் பக்கம் நின்றிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் குரலைக் கேட்டு முப்பத்தைந்து வருஷம் ஆகப்போகிறது.

அவள் போன பிறகு வந்த குளிர்காலத்தில்தான் ஒன்றாம் வகுப்பில் விறகு போடுகிற சாக்கில் கரும்பலகையைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். யாரிடம் சொல்ல? சொன்னால், எப்போதிலிருந்து என்று கேட்பார்கள்.

மார்ச் 1

வசந்தத்துக்கு வகுப்பில் சிவப்பும் வெள்ளையுமாக நூல் திரித்திருக்கிறார்கள். அய்சுன் வந்து என் மணிக்கட்டில் கட்டினாள். "நாரையைப் பாக்குற வரைக்கும் கழட்டக் கூடாது, தெரியுமில்ல?" தெரியும் என்றேன்.

மார்ச் 21

பெயர்களைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு கடிதம், சிலருக்கு இரண்டு. டீச்சர் சொந்தக்காரர்களிடம் கேட்டும் போனில் தேடியும் பதினான்கு முகவரி பிடித்துவிட்டார். பன்னிரண்டை அய்சுன் எடுத்துக்கொண்டாள்.

"என்ன எழுதட்டும் தாத்தா?"

"உன் மனசுல வர்றத எழுது. என்னைப் பத்தி வேண்டாம்."

எழுதியிருப்பாள். பத்து வயசுக்கு என்ன அடக்கம்?

விழா மே 23, பல்கேரிய எழுத்துத் திருநாளுக்கு முந்தின நாளாம். கொட்டகையில் கிடந்த பழைய தகர அடுப்பைத் தூக்கி வந்து வகுப்பில் வைக்கப் போகிறார்கள். நான் மண்டியிட்டு, கட்டையை அடுக்கிக்கொண்டே, பத்தொன்பது பெயரையும் கூப்பிட வேண்டும். வர முடிந்தவர்கள் நேரில் வருவார்கள், தூரத்தில் இருப்பவர்கள் சுவரில் திரையில் வந்து "இருக்கேன்" என்பார்கள்.

சம்மதித்துவிட்டேன். அவள் பெயரை நான் கூப்பிட்டு அவள் பதில் சொன்னால் போதும். வேறொன்றும் வேண்டாம்.

ஏப்ரல் 6

நாரை வந்துவிட்டது. நூலை பிளம் மரத்தில் கட்டினேன். எட்டுப் பேர் பதில் எழுதிவிட்டார்கள். பன்னிரண்டு இல்லை.

மே 9

அய்சுன் ஓடி வந்தாள், கையில் உறை. "தாத்தா, பன்னெண்டு!"

அடுப்படியில் நின்றுகொண்டே படித்தாள். என் மகள் பல்கேரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறாள், மறக்கவில்லை.

"அன்புள்ள அய்சுன், நான் ஜன்னல் ஓரம், மூன்றாவது பெஞ்சு. பக்கத்தில் மெலிஹா, எப்போதும் என் ரப்பரைத் தின்பாள். எனக்கு இரண்டு பையன்கள். தையல் வேலை செய்கிறேன். உன் விழாவுக்குத் திரையில் வருகிறேன்." அங்கே நிறுத்தினாள். கண் தாளில் கீழே போய் மறுபடி மேலே வந்தது.  "அந்த அறை எப்பவும் கதகதப்பா இருக்கும். அதை மறக்கல. இப்படிக்கு நெஃபிசே."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் தாத்தா." காது சிவந்துவிட்டது. "இதை நீங்களே வெச்சுக்குங்க. நான் வெச்சிருந்தா க்ராசி பையைக் கிண்டிப் படிச்சிடுவான்."

அவள் கேட்டைத் தாண்டும் வரை காத்திருந்து கண்ணாடியைப் போட்டேன். "திரையில் வருகிறேன்" என்பதற்குக் கீழே இருந்தது:

"என் பெயரை என் அப்பா கூப்பிட வேண்டாம். வேறு யாராவது கூப்பிடட்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது, நீயும் இதை அவரிடம் சொல்லாதே, வயதானவர்."

மே 10

பீன்ஸ் அடிபிடித்துவிட்டது. நாய்க்குப் போட்டேன்.

மே 16

ஒத்திகை. பன்னிரண்டுக்கு நான் கட்டையைத் தூக்கும்போதெல்லாம் அய்சுன் நகத்தைக் கடித்தாள். டீச்சரிடம் சொல்லப் போவது போல் இரண்டு தரம் எழுந்து, என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு சின்னப் பெண்ணுக்கு இவ்வளவு பாரமா?

மே 23

கோட்டு போட்டுக்கொண்டு போனேன். அறை நிறைய ஆட்கள். பஸ்ரி கர்ஜாலி நகரத்திலிருந்து வந்திருந்தான், தலை முழுக்க வழுக்கை. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள். கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

மண்டியிட்டேன். கதவைத் திறந்து அலியே என்றேன். "இருக்கேன்." பஸ்ரி, "இருக்கேன், ஹைருல்லா மாமா, முடிதான் இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். ஜெமில் செத்துப்போய்விட்டான். அவனுக்காக க்ராசி எழுந்து "இருக்கேன்" என்றான், சிரிக்காமல். மெலிஹா. நஸ்மி.

ஓக் கட்டையைத் தூக்கினேன். பாதி உள்ளே தள்ளி நிறுத்திவிட்டேன்.

"அய்சுன், கட்டை சிக்கிக்கிச்சு. நீ ஒண்ணு கூப்பிடும்மா."

உடனே கூப்பிட்டாள். காத்துக்கொண்டே இருந்தவள் போல. "நெஃபிசே!"

"இருக்கேன்."

குரல் தடித்திருக்கிறது. ஷெரிஃபே குரல் மாதிரி ஆகிவிட்டது. நான் அடுப்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டையை முழுக்கத் தள்ளினேன். ரம்சி என்றேன். சபிஹா என்றேன். ஷுக்ரான் வரை முடித்துக் கதவை மூடினேன். எழுந்து திரும்பியபோது திரையை அணைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அய்சுன் பக்கத்தில் நடந்தாள். பாலத்தைத் தாண்டினோம். அப்புறம் கேட்டாள்.

"தாத்தா, உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"எனக்கா? எங்கம்மா படிச்சேன்? ஆடு மேய்ச்சவன்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் பாரம் இறங்கியது போல் பெருமூச்சு விட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் வீட்டுக்கு ஓடினாள்.