கோணி திணித்த துவாரம்

புலெங், என் தலைச்சன் மகளே,

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான், உன் மகன் லெரெக்கோ, வாசலில் பக்கத்து வீட்டு மாத்தூசோ, அவளுடைய சொறிநாய். வேறு யாரும் இல்லை.

மலையில் பனி கொட்டத் தொடங்கியிருந்தது. நீ அனுப்பிய காசு கம்பளிக்கே சரியாகப் போயிற்று. சாணமும் மண்ணும் குழைத்துச் சுவர் வெடிப்புகளை நானே பூசினேன். கூரைக்குக் கீழே, புகை போக உன் அப்பா விட்டிருந்த துவாரத்தில் கோணியைத் திணித்தேன்.

"அத அடைக்காதடி மாபுலெங். உள்ள கரிக் கணப்பு வச்சா மூச்சு முட்டிப் போகும்," என்றாள் மாத்தூசோ.

"என் கோழியத் தின்ன வாய் எனக்குப் புத்தி சொல்லுதோ?"

கோழி போய் இருபத்திரண்டு வருஷம். அவள் சொன்னாள் என்பதற்காகவே இன்னொரு கோணியையும் திணித்தேன்.

"பாட்டி, வீடு ரொட்டி வேகுற சட்டி மாதிரி இருக்கு," என்று சிரித்துக்கொண்டே கணப்போரம் படுத்தான் லெரெக்கோ. நான் ஆடுகளைப் பட்டியில் அடைக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கணப்பு கனன்றுகொண்டிருந்தது. பிள்ளையை எவ்வளவு உலுக்கியும் எழுந்திருக்கவில்லை.

துவாரத்தை அடைத்தவள் மாத்தூசோ என்று அடக்கத்தன்று உன்னிடம் சொன்னேன். நீ அவள் முகத்தில் துப்பினாய். அவள் துடைத்துக்கொண்டு, குழிக்கு மண் தள்ளப் போனாள். நான் சொன்னது பொய், மகளே.

நீ பிறந்த நாள் முதல் என்னை யாரும் சொந்தப் பெயரால் அழைத்ததில்லை. புலெங்கின் அம்மா, மாபுலெங் என்று உன் பெயரோடுதான் ஊர் என்னைக் கூப்பிடுகிறது. கோழி தின்றவளை மன்னித்துவிட்டேன். மாபுலெங்கை மன்னிக்க மாட்டேன்.

உன் அம்மா