நீ வெட்டிய வரிகள்

மச்சாள்,

இன்று காலை வாவியைக் கடந்து மண்டூருக்குப் போனேன். நாம் ‘பாதை’ என்று சொல்லும் அந்த இரும்பு மிதவைக்கு இன்னும் அதே டீசல் மணம்தான். சாறியில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிட்டது. போகும்போது கையில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. கதை எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு நாலு ஆலோசனை எழுதித் தரும்படி வாசிகசாலையில் கேட்டிருக்கிறார்கள். எனக்கென்ன தெரியும்? எல்லாம் நீ சொன்னதுதானே. நீ இருந்திருந்தால் உன்னை முன்னுக்குத் தள்ளிவிட்டு நான் பின்வரிசையில் ஒளிந்திருப்பேன்.

நமக்கு ஊர் தேற்றாத்தீவு, படிப்பிக்கும் வேலை மண்டூரில். போகவரப் பாதையில்தான் நம் கதை வாசிப்பு. ஒருத்தி எழுதியதைச் சத்தமாக வாசிக்க, மற்றவள் அவளைப் பார்க்கக் கூடாது. சுற்றி நிற்கும் சனத்தின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அது நீ போட்ட சட்டம். கேட்டுக்கொண்டு நின்ற யாராவது தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினால் உடனே என் முழங்கையில் இடிப்பாய். “இதில ஆள் போயிற்றுகா, வெட்டு.” இரவெல்லாம் விழித்து எழுதிய வரியாக இருந்தாலும் வெட்டத்தான் வேண்டும். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

“முதல் பந்தி முழுக்கத் தொண்டையைச் செருமுறாய்” என்பாய். “மீன் எண்டு எழுதினா எனக்கு மணக்காது. மணலையா, ஓராவா, அதைச் சொல்லு” என்பாய். ஒரு பின்னேரம் தயிர்முட்டிகளோடு வந்த ஒரு அம்மா, கரை சேர்ந்த பிறகும் இறங்காமல் நின்று, “மறுகா அந்தப் பொண்டாட்டி என்ன செஞ்சாவாம், புள்ள?” என்று கேட்டார். நான் இன்னும் முடிவு எழுதியிருக்கவில்லை. ‘பிறகென்ன’ என்று கேட்ட அந்த ‘மறுகா’வுக்கு முன்னால் எந்தப் பரிசும் நிற்காது என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாய்.

பிறகு அந்தச் சுனாமிக் காலையில் கடல் ஊருக்குள் வந்தது. உன் மகளுக்கு ஆறு வயது. அவளைப் பிடித்துவைக்க உன்னால் முடியவில்லை.

மூன்று மாதத்தில் நான் அதைக் கதையாக எழுதினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயரை மட்டும் மாற்றிவிட்டு, ‘அம்மா’ என்ற கடைசிக் குரலை அலை விழுங்கியதாக முடித்தேன். கொழும்புப் பேப்பர் ஒன்றில் வந்தது. எழுதத் தெரியும் என்ற திமிர், வேறென்ன. படித்தவர்கள் அழுததாகக் கடிதம் போட்டார்கள். நீ மட்டும் பாதையின் அந்தப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நாலு வருசம் அப்படியே போய்வந்தோம். என் கொப்பியை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

சண்டை முடிந்த வருசம், ஆமிச் சென்ரியில் பையைக் கொட்டிக் காட்டும் வேலை இல்லாத ஒரு பின்னேரம், நீயாகவே என் பக்கத்தில் வந்து நின்றாய். நோய் வருத்தம் வந்து பாதியாகியிருந்தாய். பழுப்பேறிய பேப்பர் துண்டொன்றை நீட்டினாய். என் கதை. முழுக்கப் பென்சில் கோடு.

“அவள் அம்மா எண்டு கூப்பிடல்லகா. ஒத்தைச் செருப்பைக் காணல்ல எண்டு தேடிக்கொண்டு நிண்டவள்.”

மன்னிப்புக் கேட்டேன். கேட்ட வாய் அத்தோடு சும்மா இருந்ததா? “அப்ப அதையும் சேர்த்துத் திருத்தி எழுதட்டா?” என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நீ கோபப்படவில்லை.

“அவள் செத்ததை நீ எழுதிற்றாய். அவள் இருந்ததை ஒருத்தரும் எழுதல்ல. அதை எழுது.”

எழுதினேன். ஒன்றுமே நடக்காத ஒரு காலை. தலை வாரும்போது அவள் ஓடுவதும், நீ சீப்போடு துரத்துவதும், சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் மல்லுக்கட்டுவதும்தான் கதை. எழுதி முடித்தபோது உன்னால் பாதை ஏற முடியாமல் போயிருந்தது. உன் கட்டிலடியில் குந்தியிருந்து வாசித்தேன். பார்க்க வேறு சனம் இல்லை. உன் முகம் ஒன்றுதான். இரண்டு இடத்தில் சிரித்தாய். முடித்ததும் விரலால் கொப்பியைத் தட்டினாய்.

“சொதியோட குடுத்திருக்காய். இடியப்பத்துக்குச் சீனி போடாம அவள் வாயைத் திறக்க மாட்டாள். போடுகா சீனி.”

போட்டேன். பத்து நாளில் நீயும் போய்விட்டாய். அந்தக் கதையை எந்தப் பேப்பருக்கும் அனுப்பவில்லை. கொப்பி உன் வீட்டுக்காரரிடம் இருக்கிறது.

வாசிகசாலைத் தாளில் இன்னும் ஒரு வரிகூட விழவில்லை. அதன் பிறகும் என் கதைகளில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் எழுதுகிறவளுக்கு அது தப்பாது. ஆனால் அன்று காலை என்ன சாப்பிட்டார்கள் என்று தெரியாமல் நான் ஒருவரையும் சாகவிட்டதில்லை, மச்சாள்.