அரைக்கட்டை இறக்கிய பாட்டு

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். ஒத்திகை நன்றாகப் போகிறது. ஒரு சின்ன வேலை. நம் பாட்டின் உச்ச ஸ்வரம் புதுப் பாடகிக்கு எட்டவில்லை. பாவம், தொண்டை கட்டிக்கொள்கிறது. எல்லா வாத்தியங்களுக்கும் சுருதியை அரைக்கட்டை இறக்கி நோட்ஸ் அனுப்பிவிடு. கம்ப்யூட்டரில் ரெண்டு தட்டு தட்டினால் ஆச்சு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அன்புக் கணவன்

மார்ச் 5

என்னவருக்கு,

அனுப்பிவிட்டேன். ரெண்டு தட்டுதான். ஆனால் இறக்கியதும் ஸ்வரக் குறிகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிரித்து வைக்க ஒரு பகல் போனது. அது கிடக்கட்டும்.

அந்தப் பாட்டை முதலில் பாடியவள் நான். தொண்டை புண்ணாகிக் கிடந்தபோது, "அரைக்கட்டை மட்டும் இறக்குங்களேன்"னு காலில் விழாத குறையாகக் கேட்டேன். "இறக்கினா பாட்டே செத்துடும்"னீங்க. மேடையில் என் குரல் உடைந்தது. அன்றைக்குப் பாட்டை விட்டுவிட்டு இந்தக் கம்ப்யூட்டர் திரை முன்னால் உட்கார்ந்தேன், ஏழு வருஷமாச்சு. அவள் இறக்கிப் பாடினால் மட்டும் சாகாதோ? வயிறு எரிகிறதுங்க. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

உங்கள் நோட்ஸ்காரி

மார்ச் 9

வாயாடி,

இன்றைக்கு ஒத்திகையில் என் மானம் போயிற்று. எல்லோரும் இறங்கி வாசிக்க, வயலின்காரர் மட்டும் பழைய சுருதியிலேயே வாசித்தார். பூனைகள் சண்டை போட்ட மாதிரி ஒரு சத்தம். "யாரு சார் இத டைப் பண்ணது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். புதுப் பாடகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கை தவறியதா, வேண்டுமென்றே செய்தாயா?

கணவன்

மார்ச் 11

என்னவருக்கு,

வேண்டுமென்றேதான். எல்லா வாத்தியங்களின் வரிகளையும் தேர்ந்தெடுத்து இறக்கினேன், வயலின் வரியை மட்டும் விட்டேன். அவள் எல்லார் முன்னாலும் விழிக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அசிங்கமாக இருக்கிறது. திருத்திய பிரதி இத்துடன் இருக்கிறது, இதில் குறை இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு ஏன் இறக்கவில்லை? மழுப்பாமல் எழுதுங்கள்.

நான்தான்

மார்ச் 14

உனக்கு,

நீ பாடினால் கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். மெட்டுப் போட்டவன் யாரென்று ஒருத்தரும் கேட்டதில்லை. பக்கத்திலேயே நிற்பேன், என்னைத் தாண்டி உன்னிடம் போவார்கள். எனக்குப் பொறாமை. ஒரே ஒரு தடவை நீ தடுமாறட்டும் என்று நினைத்தேன். நீ அடியோடு நிறுத்திவிடுவாய் என்று சத்தியமாக நினைக்கவில்லை. இவள் சுமார்தான். இவளைப் பார்த்து எனக்குப் பயமில்லை, அதனால் கேட்டதும் இறக்கிவிட்டேன். இருபதாம் தேதி வந்து நேரில் பேசுகிறேன்.

கணவன்

மார்ச் 17

உங்களுக்கு,

ஏழு வருஷமாக என் தொண்டையைத் திட்டிக்கொண்டிருந்தேன். இன்று காலையில் ஜன்னலைச் சாத்தாமல் பாடினேன். கரகரப்புதான், பரவாயில்லை. இனி நோட்ஸை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். இருபதாம் தேதி இங்கே வர வேண்டாம்.

நான்