புது சர்வரில் உங்கள் பேர் இல்லை, மாமா

என் பிரியமான மாமாவுக்கு,

நீங்க போன பிறகு அக்காவும் குழந்தை யாழினியும் புவனகிரியில எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. நான் இன்னும் நம்ம சிதம்பரம் காலேஜ்லதான், கம்ப்யூட்டர் ரூம்ல நீங்க உட்கார்ந்த அதே நாற்காலியில.

உங்க பழைய சர்வரை இந்த வாரம் நிறுத்திட்டாங்க. ஸ்டாஃப், ஸ்டூடண்ட் ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஃபோல்டர், அதுல வச்சதெல்லாம் அவங்கவங்க பேர்லயே வெப்ல தெரியணும்னு நீங்க பண்ணி வச்சிருந்தீங்களே, அதையே புதுசுலயும் பண்ணச் சொன்னாங்க. பண்ணினேன். எல்லார் பக்கமும் திறந்துச்சு. உங்களுது மட்டும் இல்ல.

கடலூர் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே மகளுக்காக நீங்க பேசிப் பதிவு பண்ணின கதையெல்லாம் அந்தப் பக்கத்துலதானே இருக்கு? தினமும் உங்க பேரை அவளே டைப் பண்ணி, கேட்டுக்கிட்டேதான் தூங்குவா.

இப்ப வேலையிலயோ படிப்புலயோ இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் புது அக்கவுண்ட்டாம், அது இருந்தாதான் ஃபோல்டராம். பிரின்சிபால்கிட்ட போய் நின்னேன். பாவம், அவரும் கெட்டவர் இல்ல.

"உயிரோட இல்லாதவருக்கு எப்படிப்பா அக்கவுண்ட் குடுக்கிறது?"

திரும்பி வந்துட்டேன் மாமா.

அக்கா போன் பண்ணிச்சு. குழந்தை டைப் பண்ணிப் பண்ணிப் பார்த்துட்டு அழுவுதாம். "அவளுக்கு அவர் இன்னொரு தடவை செத்துட்டாருடா"ன்னுச்சு.

யாருக்கும் தெரியாம உங்க பேரைச் சேர்க்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். கையும் கீபோர்டுக்குப் போச்சு. ஆனா ஆபீஸ்ல பார்த்து அழிச்சிட்டா? அவ மூணாவது தடவையும் தாங்குவாளா? கடைசியில கதைகளைப் பழைய சர்வர்லேர்ந்து எடுத்து என் ஃபோல்டர்ல போட்டு, என் பேரை எப்படி டைப் பண்றதுன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்.

உங்க குரல் வந்துச்சு. அவ சிரிக்கல. என்னையே பார்த்துக் கேட்டா: "உங்க பேருக்குள்ள எதுக்கு எங்க அப்பா இருக்காங்க?"

எனக்கும் இது கான்ட்ராக்ட் வேலைதான் மாமா. நாளைக்கு என்னை அனுப்பிட்டா என் ஃபோல்டரும் போயிடும்.

யார் தயவும் வேணாம். காலேஜுக்கு வெளியில, நானே காசு கட்டி, வெப்ல உங்க பேர்லயே ஒரு இடம் பிடிக்கிறேன். உங்க மக உங்களை இன்னொருத்தர் பேர்ல தேடும்படி விடமாட்டேன். இது சத்தியம்.

உங்க கதையை அவளோட சேர்ந்து கேக்குற,
உங்க மச்சான்
சரவணன்