மூன்றாம் வாரத்து அட்டை

ஜூன் 9

அன்பான அண்ணிக்கு,

இங்கே யாருக்கும் சளி, காய்ச்சல் இல்லை. அம்மாவுக்கு உங்கள் மேல் கோபம் உண்டு, அது மருந்தில்லாமலே குறைந்துவிடும்.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் கூப்பிட்டாலே அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். சாப்பிட்டீர்களா, அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் உங்கள் டியூட்டி நேரம் வந்துவிடுகிறது. அதனால் கடிதம்.

பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்ததும் ஞாயிறு பள்ளியின் சின்னப் பிள்ளைகள் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். "பின்னால உட்கார்ந்து அட்டை வெட்டிக் கொடுத்தவதானே, உனக்குத் தெரியாதா?" என்றீர்கள். தெரியவில்லை, அண்ணி.

போன வாரம் நோவாவின் பேழை செய்தோம். நான் வேலை செய்யும் மருந்துக்கடையிலிருந்து காலி மாத்திரைப் பெட்டிகளைக் கொண்டுபோனேன். பசை பாட்டிலை நடுவில் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு. ஒட்டகச்சிவிங்கி பேழைக்குள் போகாமல் போதகருடைய சின்ன மகளின் தலைமுடியில் ஏறிவிட்டது, கத்தரித்துத்தான் இறக்கினோம். ஒரு தகப்பன் தன் பையன் செய்த பேழையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு வேளைன்னு போட்டிருக்கே, இது எந்த அதிகாரத்துல வருது?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் இருந்திருந்தால் இதை வைத்தே என்னை ஒரு வருஷம் ஓட்டியிருப்பான்.

பிள்ளைகள் முன்னால் மானத்தோடு நிற்க ஒரு வழி சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்,
வாலு


ஜூன் 17

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதத்தைக் கேன்டீனில் வைத்துப் படித்தது தப்பாகப் போயிற்று. நான் சிரித்த சிரிப்பில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே இருந்த எக்ஸ்ரே எடுப்பவர் என்னவென்று கேட்டார். ஒட்டகச்சிவிங்கியின் கதையைச் சொன்னேன். அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள், பசை என்றால் என்னவென்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

பசை பாட்டிலைப் பிள்ளைகள் கண்ணில் காட்டாதே. பாட்டில் மூடிகளில் கொஞ்சமாக ஊற்றி, காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தடவக் கொடு. முக்கால் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போ. மீதிக் கால் பங்கு அவர்களுக்குப் போதும், முழுவதும் தானே செய்ததாகத்தான் வீட்டில் போய்ச் சொல்வார்கள். கதையைச் சொல்லி முடிக்கும்வரை எதையும் பையிலிருந்து எடுக்காதே, எடுத்தால் கதை போச்சு.

பிள்ளைகளை எண்ணி வெட்டு. வெட்டிய பிறகு இன்னொன்று வெட்டு. ஏன் என்று கேட்காதே.

அடுத்து, நடக்க முடியாமல் கிடந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் கதை வரும். செருப்புப் பெட்டிதான் வீடு. அதன் மூடியில் சதுரமாக ஓர் ஓட்டை போடு. தீப்பெட்டியின் உள்தட்டு படுக்கை, அதன் நான்கு மூலையிலும் நூல் கட்டு. நான்கு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நூல். எல்லாரும் ஒன்றாக விட்டுக் கொடுத்தால்தான் நோயாளி கவிழாமல் இறங்குவான். பாடம் அதிலேயே இருக்கிறது, நீ தனியாகப் பிரசங்கம் வைக்காதே.

என் பீரோவின் மேல்தட்டில் பழுப்புக் கவர் ஒன்று இருக்கும். ஒரு வருஷத்துக்கு வேண்டிய மாதிரி அட்டைகள் அதில் பாடவாரியாக இருக்கின்றன. எடுத்துக்கொள்.

அத்தைக்கு முட்டி வலி குறைந்ததா? தைலத்தை நீயே தேய்த்துவிடு. கேட்டால் வேண்டாம் என்பார்கள், கேட்காமல் தேய்.

அண்ணி


ஜூலை 8

அன்பான அண்ணிக்கு,

தைலம் தேய்க்கிறேன், திட்டும் வாங்குகிறேன்.

திமிர்வாதக்காரன் மூன்று முறை தலைகுப்புற விழுந்தான். நான்காம் முறை நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நூலை விட்டார்கள், ஆள் பத்திரமாக இறங்கினான். கைதட்டல் பலமாக இருந்தது. முதலில் தட்டியது நான்தான்.

ஆனால் இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய சகேயுவின் கதைக்கு, நீங்கள் சொன்னதை மறந்துவிட்டேன். நூலை இழுத்தால் அவன் மரத்தில் ஏறுவானே, அந்த அட்டையைப் பிள்ளைகளை எண்ணிச் சரியாக வெட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குப் பார்த்து, புதிதாகக் குடிவந்த லாரி டிரைவரின் மகள் வந்து உட்கார்ந்தாள். எல்லார் கையிலும் மரம் இருந்தது. அவள் அழவில்லை, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. இனி ஏன் என்று கேட்க மாட்டேன்.

வீட்டுச் செய்தி. உங்கள் அறைக்கு அம்மா பெயிண்ட் அடித்துவிட்டாள். வெளிர் மஞ்சள், அவளே நிறம் பார்த்தாள். விசாரிக்கிறவர்களிடம் எல்லாம், "மருமக கொஞ்ச நாளைக்குத்தான் போயிருக்கா, வந்துடுவா" என்கிறாள். அண்ணன் இறந்து இரண்டு வருஷத்தில் அவள் ஆசைப்பட்டுச் செய்த முதல் காரியம் இது. அதனால் நான் குறுக்கே பேசவில்லை.

ஆகஸ்டில் ரூத்தின் கதை, மூன்று வாரம். உங்கள் கவரில் முதல் வாரத்துக்கும் இரண்டாம் வாரத்துக்கும் அட்டை இருக்கிறது. 'மூன்றாம் வாரம்' என்று எழுதிய உறைக்குள் ஒன்றுமே இல்லை. எங்கே வைத்தீர்கள்?

வாலு


ஜூலை 14

அன்புள்ள வாலுக்கு,

முதல் வாரம்: ரூத்தும் நகோமியும் நடந்து போகும் பாதை. மணலைப் பசையில் தூவச் சொல். கீழே செய்தித்தாள் விரித்துக்கொள்.

இரண்டாம் வாரம்: வயலில் கதிர் பொறுக்குவது. துடைப்பக் குச்சியைச் சின்னச் சின்னதாக நறுக்கிக்கொள். முனை குத்தும், நீயே தேய்த்து மழுக்கிவிடு.

மூன்றாம் வாரத்து அட்டை இல்லை. ஏதாவது படம் கொடுத்து நிறம் தீட்டச் சொல்.

இந்த வாரம் வேலை அதிகம்.

அண்ணி


ஜூலை 22

அன்பான அண்ணிக்கு,

நிறம் தீட்டுவதா? வாத்தியார் தூங்குவதற்காகத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னது யார்?

நான் மட்டி என்றாலும் இவ்வளவு மட்டி இல்லை. கடை காலியாக இருந்தபோது ரூத்தின் கதையைக் கடைசிவரை உட்கார்ந்து படித்தேன். புருஷனை இழந்த பிறகும் மாமியார் நகோமியை விடாமல் கூடவே வந்த மருமகள் என்று நம் சபையில் எத்தனை முறை சொல்லிவிட்டார்கள். சொல்லும்போதெல்லாம் நாலு பேர் திரும்பி உங்களையும் அம்மாவையும் பார்ப்பார்கள். கதை அதோடு நிற்கவில்லையே. அவளுக்குக் கல்யாணம் ஆகிறது, பிள்ளை பிறக்கிறது.

போன வருஷமும் நீங்கள் இரண்டாம் வாரத்தோடு நிறுத்தி, நேரமில்லை என்றீர்கள். இப்போது நினைவு வருகிறது.

பிடி கொடுக்காமல் எழுதுவது உங்களுக்கு வராது, அண்ணி. எக்ஸ்ரே எடுப்பவரா?

வாலு


ஜூலை 29

வாலுக்கு,

ஆமாம்.

அந்த அட்டையைக் கிழித்தது நான்தான். உன் அண்ணன் போன மறு வருஷம், வகுப்புக்கு முந்தின நாள் அதைக் கையில் எடுத்தேன். மணமகள் உடையில் ரூத். அத்தை அடுத்த அறையில் உன் அண்ணன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். இதைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போனால் ஊர் என்ன பேசும், அத்தை என்ன நினைப்பார்கள் என்று பயந்துவிட்டேன். அப்போது என் மனதில் யாரும் இல்லை. இருந்தும் பயம்.

இவர் அமைதியான மனிதர். மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டார். கேன்டீனில் டீ ஆறிக்கொண்டிருக்கும்போது, கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். வீட்டில் தெரியாமல் பதில் சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். வீடு என்று எதைச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு உங்கள் வீடுதான் வீடு.

அவருடைய ஐந்து வயது மகள் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டாள். எனக்கு ஆசையாக இருக்கிறது, வாலு. ஆனால் அத்தையையும் உன்னையும் இழந்துதான் அது கிடைக்கும் என்றால் எனக்கு வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அத்தைக்கு நேராக எழுதவும் கை ஓடவில்லை. நீ சொல்வதானால் சொல்.

கீழே என்ன என்று கையெழுத்துப் போடுவது? தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.


ஆகஸ்ட் 19

அன்பான அண்ணிக்கு,

மேலே எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கீழே விட்ட இடத்துக்கு அதுதான் என் பதில்.

தாமதத்துக்குக் காரணம் எனக்கும் கோபம். நீங்களும் போய்விட்டால் அண்ணனைப் பற்றி நான் யாரிடம் பேசுவேன்? அம்மாவிடம் பேசினால் அழுகிறாள். கடையில் மாத்திரையை மாற்றிக் கொடுக்கப் பார்த்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு யோசித்தேன். நீங்கள் எங்கே போகிறீர்கள்? கடிதம் வரத்தானே போகிறது.

உங்கள் கடிதத்தை அப்படியே அம்மா கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்தாள். "உனக்கு எழுதினதை எனக்கு ஏன் காட்டுற?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மஞ்சள் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் என்னிடம் உப்பு, புளி தவிர வேறு பேச்சு இல்லை. ரூத்தின் முதல் வாரமும் இரண்டாம் வாரமும் அப்படியே போயின. மணல் இன்னும் வகுப்பறையில் கிடக்கிறது.

மூன்றாம் வாரத்துக்கு நானே ஓர் அட்டை யோசித்தேன். கல்யாணம் வேண்டாம், அதற்கப்புறம் வருவதைச் செய்வோம் என்று, நகோமி அந்தப் பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்வதை வரைந்தேன். நகோமியின் இரண்டு கையும் மடங்கும், நடுவில் பிள்ளையைச் செருகலாம். சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பின்னால் நின்றாள்.

"கை சின்னதா இருக்கு. பிள்ளை விழுந்துடும்."

"அட்டை அவ்வளவுதாம்மா இருக்கு."

"தள்ளு."

காலண்டர் அட்டையைக் கிழித்து, நீளமாகக் கை வெட்டினாள். எல்லா நகோமிக்கும் அவளே வெட்டினாள். முட்டியைத் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல், "எத்தனை பிள்ளைங்க?" என்றாள். சொன்னேன். "அவ ஒண்ணு கூட வெட்டுவாளே" என்றாள். அதற்கப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான்.

ஞாயிறு வகுப்பு நன்றாக நடந்தது. போதகரின் மகள் தன் பிள்ளையை எடுத்துவிட்டுப் பழைய பேழை யானையைச் செருகினாள், அதையும் கை தாங்கியது. புதிதாக யாரும் வரவில்லை. கூட வெட்டியது மிஞ்சிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைக் கேட்டு வாங்கினாள். "அந்தப் பொண்ணுக்கு அஞ்சு வயசுன்னுதானே எழுதியிருந்தா?" என்று கேட்டுவிட்டு, கைக்குழந்தையை எடுத்துப் போட்டுவிட்டு, இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணை வெட்டினாள். சடை கொஞ்சம் கோணல். சொல்லிவிடாதீர்கள்.

கல்யாணம் என்ற வார்த்தையை அம்மா இன்னும் வாயால் சொல்லவில்லை. சொன்னது இவ்வளவுதான்: "என்கிட்ட நேரா சொல்லாம உன்கிட்ட சொன்னா பாரு, அதுக்கு நான் சண்டை போடணும். லீவு எடுத்துட்டு வரச் சொல்லு. அவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரச் சொல்லு." மஞ்சள் அறையைத் திறந்து, ஜன்னலையும் திறந்துவைத்திருக்கிறாள், பெயிண்ட் வாசனை போகட்டும் என்று.

இத்தோடு வருவது உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு. நகோமியின் கையை மடக்கிவிட்டால் சாதாரணக் கவரிலேயே அடங்கிவிடும் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "மடக்காதே, விரிச்சபடியே அனுப்பு" என்றாள். கவர் இவ்வளவு பெரிதாக இருப்பது அதனால்தான்.

வாலு