பதின்மூன்று டிகிரி

அன்புள்ள வாயாடிக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், உன் நலத்தை அம்மாவின் போனுக்கு வாராவாரம் நீ அனுப்பும் எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். உன் அண்ணன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் சின்ன வயதில் உன்னைப் பார்த்த மாதிரியே இருக்கிறது. எனக்கு முழங்கால் வலி, அது கிடக்கட்டும்.

துருவ நட்சத்திரம் எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ அத்தனை டிகிரி வடக்கே கப்பல் இருக்கிறது என்று கப்பல் வேலைக்குப் போகும்போது அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாய். எனக்குச் சொல்லவில்லை, சொல்லும்படியாகவா நான் நடந்துகொண்டேன், "கடல்தான் பெருசுன்னா அங்கேயே கிட" என்று கத்தினவன்தானே. ஆனாலும் மனசு கேட்கவில்லை. உன் பழைய பாகைமானியில் நூல் கட்டி, நுனியில் கோட்டுப் பொத்தானைத் தொங்கவிட்டு, இருட்டத் தொடங்கியதும் மொட்டைமாடிக்குப் போய் நானும் அளந்தேன். நம் வீட்டுக்குப் பதின்மூன்று. உன்னிடமிருந்து ஐம்பத்தொன்று என்று வந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு நாற்பது, முப்பத்துமூன்று என்று எண் குறையக் குறையக் கால் தரையில் பாவவில்லை.

போன திங்கட்கிழமை பதின்மூன்று என்று வந்தது. பிள்ளை வந்துவிட்டாள் என்று தையல் கடையைப் பூட்டிவிட்டு, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இரண்டு பஸ் மாறித் துறைமுகத்துக்கு ஓடினேன். கேட்டில் இருந்த காவலாளி முன்பு கப்பலில் வேலை பார்த்தவர். உன் கப்பலின் பெயரைக் கேட்டு உள்ளே விசாரித்துவிட்டு, "அய்யா, அது உலகத்துக்கு அந்தப் பக்கம் நிக்குது, நட்சத்திரத்தோட உயரம் வடக்கு தெற்கைத்தான் சொல்லும், கிழக்கு மேற்கைச் சொல்லாது" என்றார். முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவன், நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டு அகலம் கேட்காமல் துணியை வெட்டியிருக்கிறேன். விஷயம் தெரிந்ததும் அம்மா, "ஆசை வெட்கம் அறியாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

அன்றைக்கு நான் சொன்னது தப்பு, அம்மாடி. இரண்டு வருஷமாக அது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. உன்னைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வடக்கே இருக்கிறாயா தெற்கே இருக்கிறாயா என்று இனி எனக்குத் தெரிய வேண்டாம். எண்ணை அனுப்பாதே, நீ வருகிற தேதியை அனுப்பு. குளிரில் மேல்தளத்தில் நிற்கும்போது காதை மூடிக்கொள், வேளாவேளைக்குச் சாப்பிடு. எந்தக் கடலில் இருந்தாலும் நூறு வயது நன்றாக இரு.

இப்படிக்கு,
உன்னைப் போகச் சொன்ன வாயால் வரச் சொல்லும்
அப்பா