வடக்கு வரிசைக் கன்றுகள்

16.11.1988, புதன்
ஓசூருக்கு வந்து எட்டு மாதம். இன்று நான் பேசியவை பத்து வாக்கியம் தேறாது. வீட்டுக்காரப் பாப்பம்மா "ஊட்ட ஆய்தா?" என்று கன்னடத்தில் சாப்பாடு ஆயிற்றா எனக் கேட்டாள். சாப்பிட்டிருக்கவில்லை; ஆனாலும் ஆயிற்று என்று தலையாட்டினேன்.

17.11.1988
தொழிற்சாலையில் பயிற்சி பெறும் பையன்களை நிரந்தரமாக்கும் படிவங்கள் என் மேசைக்கு வந்தன. வேலை, வருகை இவற்றோடு இந்த ஆண்டு மரத்துக்கும் இருபது மதிப்பெண். ஆளுக்கொரு வேப்பங்கன்று, பட்டுப்போனால் பூஜ்யம். மேனேஜர் நாராயணப்பன் சாரின் யோசனை. ஜூனில் எனக்கும் பிடித்திருந்தது.

18.11.1988
கன்றுகளைப் பார்வையிட்டேன். வடக்கு வரிசை முழுக்கக் கருகியிருந்தது. மற்றவர்கள் எப்படியும் தேறிவிடுவார்கள். ஜவளகிரி திம்மராயன் மட்டும் தேறமாட்டான். அப்பா சாவுக்கு ஊருக்குப் போனதில் அவனுக்கு வருகை குறைவு.

"தண்ணி ஊத்துனியா இல்லையா?"

"தெனம் ஊத்துனேங்க மேடம். நான் ஊத்துறது ஒரு சொம்பு. பிளேட்டிங் செக்சன்ல இருந்து வர்றது ஒரு வாய்க்கா."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். உலோகத்துக்கு முலாம் பூசும் தொட்டிகளைக் கழுவிய மஞ்சள் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஏரிக்குப் போகிறது. ஓரத்தில் புல்கூட இல்லை. தினமும் பஸ்சுக்கு இந்த வடக்கு வழியாகத்தான் போகிறேன். இத்தனை நாள் நான் எதைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்?

21.11.1988
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: 'வாய்க்கால் நீர். பயிற்சி பெறுபவர் தவறு அல்ல.'

22.11.1988
நாராயணப்பன் சார் கூப்பிட்டார்.

"ஏம்மா, மரத்த எண்ணச் சொன்னா சாக்கடைய எண்ணிட்டு வந்திருக்கற. இது ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் கையில சிக்கினா?"

"அப்ப அந்தப் பையனுக்கு, சார்?"

"அவன நான் பாத்துக்கறேன். நீ வாய்க்கா பேரே இல்லாம வேற படிவம் எழுது."

எழுதினேன். எழுதிட்டேன் — மாட்டேன்னு சொல்லியிருக்கணுமா? சொன்னா அவன் வேலை போயிருக்கும். யார்கிட்ட கேக்கறது இதை?

23.11.1988
பாப்பம்மா கேட்கும் முன்பே ஆயிற்று என்று தலையாட்டினேன்.

2.12.1988, வெள்ளி
உத்தரவுகளைத் தட்டச்சு செய்தேன். மரத்துக்கான கட்டத்தையே படிவத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். திம்மராயன் நிரந்தரம். பிளேட்டிங் செக்சன், தொட்டிகளைக் கழுவித் தண்ணீரைத் திறந்துவிடும் வேலை.

மதியம் மைசூர்பாகுப் பொட்டலத்தோடு வந்தான். காலில் முழங்கால்வரை புது ரப்பர் பூட்ஸ்.

"எங்கம்மா அழுதுருச்சுங்க மேடம். எனக்காகப் பேசினது நீங்க ஒருத்தர்தான்னு ஆபீசுல சொன்னாங்க."

ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். நன்றாக இருக்கிறது என்றேன். பெரிய துண்டாகப் பார்த்து இன்னொன்றை என் கையில் வைத்தான்.

மாலையில் தெற்கு கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ்சுக்கு நடந்தேன்.